அடிமை ஓலையும் விடுதலை முறியும்: எக்குவியானோவின் தன்வரலாறு குறித்து ஓர் ஒப்பாய்வு

அடிமை என்னுஞ் சொல்லுக்குத் தமிழ்ப் பத்தியிலக்கியம் தந்த ஏற்றம் பெரிது. அரசரும் அமைச்சரும் அந்தணரும் வணிகரும் தம்மை இறைவனுக்கு ஆட்பட்டவர் எனச் சொல்லிக் கொள்வதிற் பெருமிதங் கொண்டனர். ஆயின் இவ்வாறு பாடியோர் எவரும் சந்தையில் விலைக்கு விற்கப்பட்டவர் அல்லர். உரிமையுடையோர் விரும்பி மேற்கொண்ட அடிமையே பாட்டாயிற்று. பிறர் விற்கத் தாம் விலையானோரின் அடிமை கல்வெட்டிலும் கணக்கோலையிலும் நின்றுவிட்டது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தறிய ஒரு நூல் துணைசெய்யும் என்பது எம் கருத்து. அந்நூல் தமிழ்நூல் அன்று. ஒலௌடா எக்குவியானோ என்பார் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1789ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வெளியிட்ட தன்வரலாறே அது. அடிமையாயிருந்த ஒருவர் சிறுவாணிகஞ் செய்து, ஈட்டிய பொருளால் தம்மையே விலைக்கு வாங்கிக்கொண்ட வரலாறு அதன் நடுப்பகுதி. பேரேடும் ஐந்தொகையும் அறிந்த செட்டிநாட்டிலிருந்து அதனைப் படிப்பார்க்குப் பிறர்க்குப் புலப்படாத சில புலப்படும். அவற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நம் இலக்கிய வணிகரை நோக்குவோம். கோவலன் பெருஞ்செல்வத்திற் பிறந்து அதனை இழந்தான். பட்டினத்தார் பெருவணிகராயிருந்து அனைத்தையுந் துறந்தார் என்பது மரபு. பழையாறை வணிகராகிய அமர்நீதி நாயனார் ஒரு கோவணத்திற்கு நிறையாகத் தம் பொருள் முழுவதையும் துலைத்தட்டில் இட்டும் தட்டு நேர்நில்லாமையால், மனைவியோடும் மைந்தனோடும் தாமும் ஏறி நின்றார். வணிகனின் துலாக்கோலே வணிகனை ஆளாக்கிய அவ்விடம் சேக்கிழாரின் நுண்மைக்குச் சான்று. இவை மூன்றும் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் கதைகள், அல்லது உலகியல் நோக்கிற் கீழாகவும் அருளியல் நோக்கில் மேலாகவும் அமைபவை. கீழிருந்து மேலேறியவன் ஒருவனைத் தேடின் மணிமேகலையின் சாதுவன் நினைவுக்கு வருவான். கப்பல் உடைந்து நாகர் கையில் அகப்பட்ட அவன், அவர்தம் மொழி அறிந்தமையால் உயிர் பிழைத்து, பொருளோடு மீண்டான். ஆயினும் அவன் விலைப்பட்ட அடிமை அல்லன். அவன் கொணர்ந்த பொருளும் நாகர் தலைவன் கொடுத்தது, வாணிகத்தில் ஈட்டியது அன்று. காசியில் விற்கப்பட்ட அரிச்சந்திரனோ வாய்மையாற் பழைய நிலையைப் பெற்றான், உழைப்பால் அன்று. எனவே விலைப்பட்டவன் பொருள் ஈட்டி உயர்ந்த கதை நம் பழைய இலக்கியத்தில் இடம்பெறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

எக்குவியானோவின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். தாம் ஆப்பிரிக்காவில் இக்போ மக்களிடையே பிறந்ததாகவும், ஏறத்தாழப் பதினோராம் வயதிற் கவர்ந்து செல்லப்பட்டதாகவும் அவர் எழுதுகின்றார். மைக்கேல் பாசுகல் என்னும் ஆங்கிலக் கடற்படையலுவலர் அவரை விலைக்கு வாங்கிக் கசுடாவசு வாசா என்று பெயரிட்டார். அது சுவீடன் நாட்டு மன்னன் ஒருவனின் பெயர். அடிமைக்கு மன்னன் பெயரிடுதல் உடையவரின் நகைச்சுவை போலும். போர்க்கப்பல்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரைப் பாசுகல் 1762ஆம் ஆண்டின் இறுதியில் வேறொரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிட்டார். தம் கூலியையும் போர்ப்பரிசுப் பங்கையும் உடையவரே எடுத்துக்கொண்டார், தம்மை விற்க அவருக்கு உரிமை இல்லை என்று எக்குவியானோ வாதிட்டபோது, புதிய உடையவன் சொன்ன மறுமொழி நீ ஆங்கிலம் மிகுதியாகப் பேசுகின்றாய் என்பது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய மாண்ட்செராட்டில் இராபர்ட்டு கிங் என்னும் குவேக்கர் வணிகர் அவரை வாங்கினார். எண்ணும் எழுத்தும் அறிந்தவராதலின் வயலுக்கு அனுப்பப்படாமல் சரக்கேற்றவும் கணக்குப் பார்க்கவும் கப்பலிற் செல்லவும் பணிக்கப்பட்டார்.

இவர் பிறந்த இடம் பற்றி ஓர் ஐயம் எழுந்துள்ளது. 1759ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த அவர்தம் திருமுழுக்குப் பதிவில் பிறப்பிடம் கரோலினா என்றுள்ளதை வின்சென்ட் கரெட்டா எடுத்துக்காட்டினார். பதிவினை எழுதியவர் யார் சொற்கேட்டு எழுதினார் என்பது துணிதற்கரியது. நாம் ஆராயப் புகும் வாணிகப் பகுதி இவ்வையத்தால் தாக்குறுவது அன்று.

அப்பகுதியின் தொடக்கம் ஒரு கண்ணாடிக் குவளை. அவர் கையிலிருந்த முதல் மூன்று பென்சு, அத்தீவுகளின் வழக்கில் அரைப் பிட். அதனைக் கொண்டு செயின்ட் யூசுடேசியசு தீவில் ஒரு குவளை வாங்கி மாண்ட்செராட்டில் ஒரு பிட்டுக்கு விற்றார். அடுத்த செலவில் அந்த ஒரு பிட்டுக்கு இரண்டு குவளை, விற்றது இரண்டு பிட்டுக்கு. மீண்டும் நான்கு குவளை. பின்னர்ச் சின் என்னும் மது ஒரு சாடி. ஒரு திங்களோ ஒன்றரைத் திங்களோ கடந்தபின் கையில் ஒரு டாலர் இருந்தது.

இப்பகுதியை வறண்டது என்று விரைந்து கடப்பார் உளர். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். கடற்செலவும் புயலும் போரும் நிறைந்த நூலில் ஆசிரியர் நடை இவ்விடத்தில் திடீரெனச் சுருங்கி, வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு என்று பேரேட்டு நடையாக மாறுகின்றது. உவமை இல்லை, புலம்பல் இல்லை. ஏன்? விற்பனைப் பொருளாக இருந்தவன் முதன்முறையாக விற்பவனாகின்றான். தானும் கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தவன், கணக்கைத் தன் கையால் எழுதுகின்றான். அவ்வெழுத்தின் இன்பமே அவ்வறட்சி. செட்டிநாட்டுச் சிறுவர் முந்திரியும் காணியும் மாவும் கூட்டிக் கழித்துப் பழகி, கடைக்குச் சென்று பெட்டியடிப் பையனாக அமர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பின் தனிக்கடை கண்டனர். அவ்வழியில் வந்தோர் எவரும் முதற் பேரேட்டின் முதற்பக்கத்தை வறண்டது என்று சொல்லார்.

ஆயினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் தவறு. கொண்டுவிற்கப் புறப்பட்ட செட்டிநாட்டு இளைஞனுக்குப் பின்னால் விலாசம் இருந்தது. பாட்டனும் தந்தையும் தானுமாகிய முதலெழுத்துகளின் கோவையே விலாசம். அது வங்கக்கடலின் மறுகரையிலும் கடன் தரும். கிட்டங்கியில் இடந்தரும். எக்குவியானோவுக்குத் தந்தை பெயர் பறிக்கப்பட்டது. தன் பெயரும் பிறர் இட்டது. தமிழில் நாணயம் என்பது காசினையுங் குறிக்கும், நம்பகத்தையுங் குறிக்கும். அடிமை வணிகனிடம் முதற்பொருள் உண்டு, இரண்டாம் பொருள் இல்லை. அவனிடம் நம்பகம் இல்லை என்பது இதன் பொருளன்று, அவன் சொல்லை ஏற்கும் மன்றம் இல்லை என்பதே பொருள். வெள்ளையன் ஒருவனுக்கு எதிராகக் கறுப்பன் கூறும் சான்று அத்தீவுகளில் செல்லாது என்று அவரே குறிக்கின்றார். பொருளை வாங்கிக்கொண்டு விலை தர மறுப்பவனிடம் வழக்காட வழியில்லை.

சாந்தா குரூசு தீவில் நிகழ்ந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எக்குவியானோவும் தோழர் ஒருவரும் எலுமிச்சையும் கிச்சிலியும் நிறைந்த பைகளை விற்கக் கொண்டுசென்றனர். கரையேறியதும் வெள்ளையர் இருவர் அப்பைகளைப் பறித்துக்கொண்டனர். கோட்டைத் தலைவனிடம் முறையிட்டபோது கிடைத்தது வசைமொழி. பலமுறை கெஞ்சியபின் அவர்தம் இரண்டு பைகளும் திரும்பின. தோழரின் ஒரே பை திரும்பவில்லை. முதியவராகிய அத்தோழர் அழுதார். எக்குவியானோ தம் பழங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தார். பின்னர்ச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது, முப்பத்தேழு பிட்டுக்கு அணித்தாக வந்தது என்று கணக்கு முடிகின்றது. மகமை எழுதிப் பழகிய கண்ணுக்கு இவ்வரிசை விளங்கும். அறத்திற்குக் கொடுத்ததும் வரவும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஆசிரியர் தம் ஈகையைப் பற்றி ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லவில்லை.

இனி ஆவணத்துக்கு வருவோம். கிங் தாம் கொடுத்த விலையாகிய நாற்பது பவுனைக் கொணர்ந்தால் விடுதலை தருவதாக முன்னரே சொல்லியிருந்தார். 1766ஆம் ஆண்டு எக்குவியானோ பணத்தோடு வந்து நின்றார். உடையவர் திகைத்தார். இவ்வளவு விரைவிற் பொருள் சேரும் என்று நினைத்திருந்தால் வாக்குத் தந்திருக்கமாட்டேன் என்றார். கப்பல் தலைவர் தாமசு பார்மர் இடைபுகுந்து, இவனால் உமக்கு ஆண்டுதோறும் நூறு பவுனுக்கு மேல் ஊதியம் வந்துள்ளது, வாக்கைக் காத்தருள்க என்று எடுத்துரைத்தார். விடுதலைமுறி அவ்வாண்டு சூலை 10ஆம் நாள் எழுதப்பட்டது. அதனை எக்குவியானோ தம் நூலில் முழுமையாகப் பதித்துள்ளார். ஒரு மனிதன் மற்றொரு மனிதன்மீது கொண்டாடும் முழு ஆட்சியை அம்முறியின் வாசகமே வெளிப்படுத்துகின்றது என்பதே அதனைப் பதித்தமைக்கு அவர் கூறும் காரணம். விடுதலைச் சான்றினையே அடிமைமுறைமீது வழக்குரைக்கும் சான்றாக நிறுத்திய திறம் இது.

இவ்விடத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நம் நினைவுக்கு வாராதிராது. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை முதிய வேதியர் ஒருவர் தம் வழியடிமை என்கின்றார். படியோலையை நம்பி கிழித்தெறிகின்றார். மூலவோலை அவையிற் காட்டப்படுகின்றது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒத்துநோக்கப்படுகின்றது. தீர்ப்பு முதியவர் பக்கம். ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றும் ஆராயப்படும் அப்பகுதி, தமிழ்நாட்டில் ஆளோலை என்பது வழக்குமன்றம் அறிந்த எழுத்து என்பதைத் தெளிவாக்கும். கல்வெட்டும் இதற்குத் துணை. 1201ஆம் ஆண்டுக்குரிய திருப்பாம்புரக் கல்வெட்டு, பஞ்சத்தால் வாடிய வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகின்றது.

மூன்று எழுத்துகளையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போம். சுந்தரர் ஓலையில் எழுதுபவர் பாட்டனார், ஆளாகுபவர் பேரர், உடையவர் இறைவர். அடிமை அங்கே வீடுபேற்றின் வாயில். திருப்பாம்புரத்தில் விற்பவரும் விலைப்பொருளும் ஒருவரே, பெற்றது உயிர்வாழச் சோறு. மாண்ட்செராட்டு முறியிலோ வாங்குபவரும் விலைப்பொருளும் ஒருவரே. இம்மூன்றனுள் நடுவிலுள்ள வேளாளருக்குப் பாட்டு இல்லை. அவர் மகளிர் எவ்வாறு வாழ்ந்தனர், அவர்தம் வழியினர் எப்போதேனும் அக்காசைத் திருப்பிச் செலுத்தி மீண்டனரோ என்பதை எந்நூலும் பாடவில்லை. சேக்கிழார் போன்ற பெரும்புலவர் ஆவண நடைமுறையை இத்துணை நுட்பமாக அறிந்திருந்தும், அவ்வறிவு அருட்கதைக்கே பயன்பட்டது. இது குறைகூறல் அன்று. அவர் எடுத்த பொருள் வேறு. ஆயின் இலக்கிய வரலாறு எழுதுவோர் இவ்வெற்றிடத்தைக் காணாது செல்லுதல் குறையே.

பிற்காலத்தில் இவ்வெற்றிடம் நிரம்பியதா? ஆங்கில ஆட்சிப் பரப்பில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கும்பினியின் நிலப்பகுதிகளை விலக்கிவைத்தது. இங்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே அடிமையுரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏலாது என்று ஆக்கியது. அச்சட்டத்தில் ஒரு பிரிவு நமக்கு மிக இன்றியமையாதது. தன் உழைப்பாலோ தொழிலாலோ மரபுரிமையாலோ ஒருவர் அடைந்த பொருளை, அவர் அடிமை என்றோ, அதனைத் தந்தவர் அடிமை என்றோ காரணங்காட்டிப் பறித்தல் கூடாது என்பது அது. ஆக, ஈட்டிய பொருள் ஈட்டியவனுக்கே என்பதனை இந்நாட்டிற் சட்டம் சொல்லவேண்டிய நிலை 1843 வரை இருந்தது.

அதற்குப் பதினைந்தாண்டுகள் கழித்து, 1858இல், பண்ணையடிமை நிலையில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த மக்கட் பிரிவில் பிறந்தவர் பெ. மா. மதுரைப் பிள்ளை. அவர் அடிமையாயிருந்தவர் அல்லர். ஆயினும் நம் பொருளுக்குத் தமிழரிடை அணுக்கமானவர் அவரே. இரங்கூனில் கப்பல்துறை வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டி, பள்ளி நிறுவி, வள்ளல் எனப் பெயர்பெற்று 1913இல் மறைந்தார். அவர்மேற் பாடப்பெற்ற செய்யுட்கள் மதுரைப் பிரபந்தம் என்னும் பெயராற் தொகுக்கப்பெற்றன. புலவர் பாடிய வள்ளல் வரிசையில் அவர் இடம்பெற்றது சிறிய செய்தி அன்று. ஆனால் பிரபந்த மரபு ஒருவர் கொடுத்ததைப் பாடும், ஈட்டியதைப் பாடாது. முதற்காசு எங்கிருந்து வந்தது, எக்கரையில் எவர் ஏமாற்றினர், எவர் கைகொடுத்தனர் என்னும் கேள்விகள் வெண்பாவிலும் விருத்தத்திலும் இடம்பெறா. பாட்டுடைத் தலைவன் பேசான், பேசப்படுவான். எக்குவியானோ நூலின் தலைப்பில் தாமே எழுதியது என்னும் சொல் நிற்பதன் அருமை இங்கே விளங்கும்.

ஈட்டுதலைப் பேசிய தமிழ்நூல் வேண்டுமெனின் சிங்கம்புணரியிற் பிறந்த ப. சிங்காரத்திடம் செல்லவேண்டும். கடலுக்கு அப்பால், புயலிலே ஒரு தோணி என்னும் அவர்தம் புதினங்கள் இரண்டும் பினாங்கு, மெடான் ஆகிய ஊர்களின் கடைவாழ்வை உள்ளிருந்து காட்டுகின்றன. முன்னதில் செல்லையா என்னும் இளைஞன் போர்ப்படையிற் சேர்ந்து திரும்பியமையால், வட்டிக்கடைத் தொழிலுக்கும் முதலாளியின் மகளுக்கும் ஏலாதவன் ஆகின்றான். கடையாளின் வாழ்வு அடிமை வாழ்வு அன்று. அவன் சம்பளம் பேசிச் செல்பவன், ஊருக்கு மீள்பவன். ஆயினும் முதலாளியின் மதிப்பே ஒருவன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அறுதியிடும் நிலையை அப்புதினம் காட்டுவது, திகைத்து நின்ற இராபர்ட்டு கிங்கை நமக்கு விளக்க வல்லது.

விடுதலை பெற்ற அன்று எக்குவியானோ செய்தவற்றுள் ஒன்றைப் பலர் சிறிய செய்தியென விட்டுவிடுவர். அவர் விருந்து நடத்தி ஆடல் ஏற்பாடு செய்தார். அவ்வாடலில் தம் உயர்ந்த நீலத்துணி உடை நன்கு விளங்கியது என்று மகிழ்வோடு எழுதுகின்றார். உடையில் என்ன இருக்கின்றது என வினவுவார்க்கு விடை நம் மண்ணிலேயே உண்டு. அன்றைய இராமநாதபுர மாவட்டத்தில் (இன்றைய சிவகங்கை மாவட்டப் பகுதி அதனுள் அடங்கியிருந்தது) ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது 1930 திசம்பரில் எட்டுத் தடைகளும் 1931 சூனில் பதினொரு தடைகளும் விதித்தனர். 1931ஆம் ஆண்டின் மக்கட்கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைப் பதிந்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, சட்டை அணியலாகாது, முழங்காலுக்குக் கீழ் ஆடை தாழலாகாது, குடை பிடிக்கலாகாது, மண்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பன முன்னவற்றுள் சில. பிள்ளைகள் படிக்கலாகாது, மிராசுதாரரிடம் அடிமையாக உழைத்தல் வேண்டும், சொந்த நிலத்தைக் குறைந்த விலைக்கு அவர்க்கே விற்றல் வேண்டும் என்பன பின்னவற்றுள் சில. 1843ஆம் ஆண்டுச் சட்டம் காத்த பொருளுரிமையையே இத்தடைகள் குறிவைத்தன என்பதை நோக்குக. தடை விதித்தோர் மடமையால் விதிக்கவில்லை. எழுத்தும் நிலமும் உடையும் ஒருவனை எங்கே கொண்டுசெல்லும் என்பதை அவர் நன்கறிந்திருந்தனர். கடலுக்கு அப்பால் ஈட்டிய பொருளாற் பெருமனைகள் எழுந்த அதே நிலப்பகுதியில், அதே தலைமுறையில், அயலான் ஒருவன் சட்டை அணிதல் குற்றமாயிற்று. எக்குவியானோவின் நீலஉடை வரியைச் செட்டிநாட்டுப் படிப்பாளர் மேலோட்டமாகப் படிக்க இயலாது.

நூல் முழுவதையும் புகழ்ந்துரைப்பது எம் நோக்கம் அன்று. வாணிகத்தின்மீது எக்குவியானோ வைத்த நம்பிக்கை அளவிறந்தது. இறுதி இயலில், ஆப்பிரிக்காவோடு முறையான வாணிகம் நிகழுமாயின் ஆங்கிலத் தொழிற்சாலைப் பொருள்களுக்குப் பெருஞ்சந்தை கிட்டும், அடிமை வாணிகம் தேவையற்றதாகும் என்று வாதிடுகின்றார். தம்மைப் பண்டமாக்கியதும் வாணிகமே, தம்மை மீட்டதும் வாணிகமே. ஆதலின் நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயரிடுகின்றார். நூலின் பதிப்பினையே அவர் வாணிகத் திறத்தோடு நடத்தினார். முன்பணம் தருவோர் பட்டியலைத் திரட்டி, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஊரூராகச் சென்று விற்றார். அவர் வாழ்நாளில் ஒன்பது பதிப்புகள் வந்தன. 1797இல் அவர் மறைந்தபின், எஞ்சிய ஒரு மகள் 1816இல் உரிய அகவை எய்தியபோது பெற்றது 950 பவுன்.

இவ்வாணிக நம்பிக்கை எங்கே இடறுகின்றது என்பதை நூலே காட்டிவிடுகின்றது. 1776ஆம் ஆண்டு மருத்துவர் இர்விங் என்பார் மத்திய அமெரிக்காவின் மசுகீட்டோக் கரையில் தோட்டம் அமைக்கச் சென்றபோது, உரிமை பெற்றுப் பத்தாண்டு கழிந்த எக்குவியானோ உடன்சென்றார். சமைக்காவில் அடிமைக் கப்பல் ஒன்றில் ஏறித் தோட்டத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அனைவரையும் தம் நாட்டவராகவே தேர்ந்ததாக எழுதுகின்றார். அவர்களை அன்போடு நடத்தியதாகவும், தாம் பிரிந்தபோது அவர்கள் வருந்தியதாகவும் கூறுகின்றார். அது பொய்யாயிருக்க வேண்டுவதில்லை. தம் நாட்டவரைத் தேர்ந்தமைக்கு இரக்கம் காரணமா, மொழி அறிந்த மேலாளுக்குரிய கணக்கு காரணமா என்று யாம் பலகாலும் எண்ணியதுண்டு. இரண்டும் கலந்தே இருந்தன என்பது எம் துணிபு. அவர் இடத்துக்கு வந்த வெள்ளைக் கண்காணி அவர்களை இரக்கமின்றி அடித்துத் துன்புறுத்த, அனைவரும் பெரிய தோணி ஒன்றில் ஏறித் தப்பிச்செல்ல முயன்று, வழியும் தோணியோட்டும் முறையும் அறியாது நீரில் மூழ்கி இறந்தனர். தோட்டம் பாழாயிற்று, வேறு ஆட்களை வாங்க இர்விங் சமைக்காவுக்குத் திரும்பினார் என்று அச்செய்தி முடிகின்றது. முதற்குவளையின் விலையை அரைப் பிட் என்று எழுதிவைத்தவர், அந்தத் தோணியில் இருந்தோர் எத்தனை பேர் என்றும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த விலை எவ்வளவு என்றும் எழுதவில்லை.